அமெரிக்கத் தொழில்நுட்பத் துறையில் வெள்ளையரல்லாத பெண்கள்: வழி எப்படிப் போடப்பட்டது, எங்கே அறுகிறது?

2025 ஜனவரி 21 அன்று அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் பிறப்பித்த ஓர் ஆணை, அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்களின் பணியமர்த்தல் பற்றி 1965இல் அதிபர் லிண்டன் ஜான்சன் பிறப்பித்திருந்த 11246ஆம் எண் ஆணையை ரத்து செய்தது. அதற்குச் சில நாள்கள் முன்பே மெட்டா நிறுவனம், பல இனத்தாரும் இரு பாலாரும் பணியில் இடம்பெறச் செய்யும் தன் பன்மைத் திட்டங்களை முடித்துக்கொள்வதாக ஊழியர்களுக்குத் தெரிவித்துவிட்டது. பிப்ரவரியில் கூகுள், பணியமர்த்தலில் தான் வைத்திருந்த பன்மை இலக்குகளைக் கைவிட்டது. இச்செய்திகளைத் தமிழில் படிப்பவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் எழக்கூடும். அமெரிக்காவிலும் இடஒதுக்கீடு இருந்ததா, அதைத்தான் இப்போது எடுத்துவிட்டார்களா என்பது ஒன்று. கறுப்பினப் பெண்களுக்கும் லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண்களுக்கும் பழங்குடிப் பெண்களுக்கும் கணினித் துறையில் வழி அமைக்கவென்று நடந்துவந்த முயற்சிகள் இனி என்ன ஆகும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதற்கு விடை தேட, அந்த வழி எத்தகையது, எந்தெந்த இடத்தில் அறுகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

## யாரைக் குறிக்கும் சொல்?

ஆங்கிலத்தில் ‘விமன் ஆஃப் கலர்’ என்று வழங்கும் தொடரைத் தமிழில் நேராகப் பெயர்த்தால் ‘நிறமுள்ள பெண்கள்’ என்றாகும். மணமகள் தேவை விளம்பரங்களைப் படித்துப் பழகிய தமிழ்க் காதுக்கு அது வேறு எதையோ சொல்லும். எனவே இக்கட்டுரையில் ‘வெள்ளையரல்லாத பெண்கள்’ என்றே குறிப்பிடுகிறேன். 1977இல் ஹூஸ்டன் நகரில் நடந்த தேசியப் பெண்கள் மாநாட்டில், கறுப்பினப் பெண்கள் கொண்டுவந்த கோரிக்கைகளுடன் லத்தீன், ஆசிய, பழங்குடிப் பெண்களும் சேர்ந்து நின்றபோது இத்தொடர் அரசியல் பொருள் பெற்றது. அதாவது இது தோலின் நிறத்தை விவரிக்கும் சொல் அன்று, ஒரு கூட்டணியின் பெயர். நிறவெறிக் காலத்து அறிவிப்புப் பலகைகளில் எழுதப்பட்டிருந்த ‘கலர்ட்’ என்ற இழிசொல்லுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெண்கள் என்று ஒரு கணக்கு, கறுப்பினத்தார் என்று ஒரு கணக்கு இருக்கும்போது மூன்றாவதாக ஒரு பெயர் எதற்கு என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்ற வழக்கு விடை தருகிறது. செயின்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையில் 1964க்கு முன் கறுப்பினப் பெண்கள் அநேகமாக வேலைக்கே எடுக்கப்படவில்லை. பின்னர் எடுக்கப்பட்டவர்கள், 1970களின் பொருளாதார மந்தத்தில், கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற விதிப்படி வேலையிழந்தார்கள். ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1976இல் மாவட்ட நீதிமன்றம் தந்த தீர்ப்பு வியப்புக்குரியது: நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பால் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாட்டை வேண்டுமானால் தனியாகக் கேட்கலாம், இரண்டையும் சேர்த்துப் புதிய வகையொன்றை உண்டாக்கச் சட்டத்தில் இடமில்லை. அலுவலகத்தில் இருந்த பெண்கள் வெள்ளையர். பட்டறையில் இருந்த கறுப்பினத்தார் ஆண்கள். இரண்டு பட்டியலிலும் இல்லாதவர்கள் நீதிமன்றத்தின் கண்ணுக்குப் படவில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில் இவ்வழக்கை ஆராய்ந்தே ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற கருத்தை முன்வைத்தார். இரண்டு சாலைகள் கூடும் சந்தியில் நிற்பவர் மீது எந்தத் திசையிலிருந்தும் வண்டி மோதலாம் என்பது அவர் காட்டிய உவமை.

இந்தக் கூட்டணிக்குள் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 வாக்கில் அமெரிக்கக் கணினிப் பணியாளர்களில் பெண்கள் சுமார் 26 விழுக்காடு. ஆசியப் பெண்கள் 7 விழுக்காட்டையும், கறுப்பினப் பெண்கள் 3 விழுக்காட்டையும், லத்தீன் பெண்கள் 2 விழுக்காட்டையும் ஒட்டியிருந்தார்கள். நியூ ஜெர்சியிலோ டாலஸிலோ மென்பொருள் எழுதும் தமிழ்ப் பெண்ணும் இந்த 7 விழுக்காட்டில் அடங்குவார். அவருக்கு வாசல் பெரும்பாலும் திறந்தே இருந்தது. அவருக்குள்ள சிக்கல்கள் வேறு. அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

## இது இடஒதுக்கீடு அன்று

தமிழ்நாட்டு வாசகருக்கு நன்கு பழக்கமான ஒதுக்கீட்டு முறை, அதாவது இத்தனை இடம் இன்ன பிரிவுக்கு என்று சட்டம் வகுத்து வைப்பது, அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களில் எப்போதுமே இருந்ததில்லை. பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனவாரியாக இடம் ஒதுக்குவதை உச்ச நீதிமன்றம் 1978ஆம் ஆண்டு பாக்கி வழக்கிலேயே தள்ளிவிட்டது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பு, இனத்தையோ பாலையோ காரணமாக வைத்து ஒருவரை வேலைக்கு எடுப்பதையும் மறுப்பதையும் தடுக்கிறது.

அப்படியானால் ஜான்சனின் ஆணை என்ன செய்தது? அரசுடன் ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனங்கள் தம் பணியாளர்களைக் கணக்கெடுத்து, கிடைக்கக்கூடிய தகுதியாளர்களின் விகிதத்தோடு ஒப்பிட்டு, எங்கே குறைவு என்று கண்டு, அதைச் சரிசெய்ய முயற்சி எடுக்க வேண்டும் என்றது. பெண்கள் 1967இல் அதில் சேர்க்கப்பட்டார்கள். முயற்சி என்றால் விளம்பரத்தை எங்கே வெளியிடுவது, எந்தக் கல்லூரிக்கு ஆள் தேடிப் போவது, எந்தத் தேர்வு தேவையில்லாமல் ஆள்களைக் கழிக்கிறது என்று பார்ப்பது. இலக்கு வைக்கலாம், இடம் ஒதுக்கக் கூடாது. அரைநூற்றாண்டுக்கும் மேலாக, பாதுகாப்புத் துறைக்கும் விண்வெளித் துறைக்கும் கணினி விற்ற நிறுவனங்கள் எல்லாம் இந்தக் கணக்குக்குள் இருந்தன. ரத்தானது இந்தக் கடமைதான்.

## முன்கதை இரண்டு: லாங்லியும் ஷிப்ராக்கும்

வழி அமைப்பது என்றால் என்ன என்பதற்கு, இத்துறை பிறந்த காலத்திலேயே நல்ல உதாரணம் ஒன்றும் கெட்ட உதாரணம் ஒன்றும் இருக்கின்றன.

1941 ஜூனில், தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்துவதாக எச்சரித்ததை அடுத்து, அதிபர் ரூஸ்வெல்ட் பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்து 8802ஆம் எண் ஆணையை வெளியிட்டார். போர்க்கால ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ள, வர்ஜீனியாவின் லாங்லி விமான ஆய்வகம் கணிதம் படித்த கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்தது. அன்றைக்கு ‘கம்ப்யூட்டர்’ என்பது கருவியின் பெயர் அன்று. கணக்குப் போடும் பெண்ணின் பதவிப் பெயர். 1943இல் சேர்ந்த டோரதி வான், தனியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மேற்குப் பகுதிக் கணக்கீட்டுப் பிரிவுக்கு 1949இல் தலைவரானார். மின்னணுக் கணினி வந்து தம் பிரிவின் வேலையையே விழுங்கப்போகிறது என்பதை உணர்ந்து ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியைத் தாமே கற்று, தம்முடன் இருந்த பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

அதே ஆய்வகத்தில் 1951இல் சேர்ந்த மேரி ஜாக்சனின் கதை இன்னும் துல்லியமானது. கணிதத்திலும் பௌதிக அறிவியலிலும் பட்டம் பெற்றிருந்த அவர் பொறியாளராக உயர வேண்டுமானால் மாலை வகுப்பில் மேற்படிப்புப் பாடங்களை முடிக்க வேண்டும். அந்த வகுப்புகள் நடந்ததோ வெள்ளையருக்கு மட்டுமான ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில். நகர நிர்வாகத்திடம் மனுக் கொடுத்துச் சிறப்பு அனுமதி பெற்று வகுப்பில் உட்கார்ந்தார், 1958இல் பொறியாளரானார். வாஷிங்டனில் உள்ள நாசா தலைமையகம் இப்போது அவர் பெயரைத் தாங்குகிறது. திறமையும் இருந்தது, வேலையும் இருந்தது, மேலதிகாரியின் ஊக்கமும் இருந்தது. ஆனாலும் ஒரு வகுப்பறைக் கதவு மூடியிருந்ததால் எல்லாமே நின்றுபோயிருக்கும்.

இரண்டாவது கதை நியூ மெக்சிகோ மாநிலத்து ஷிப்ராக்கில் நடந்தது. சிலிக்கன் பள்ளத்தாக்கின் முன்னோடியான ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனம் 1965இல் நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியில் மின்னணுச் சில்லுகளைத் தொகுக்கும் தொழிற்சாலையைத் தொடங்கியது. உச்சகட்டத்தில் 1,000க்கும் மேற்பட்ட நவஹோ தொழிலாளர்கள் அங்கு இருந்தார்கள். மிகப் பெரும்பாலோர் பெண்கள். 1969இல் நிறுவனம் வெளியிட்ட கையேடு, சில்லின் வடிவத்தையும் நவஹோ பெண்கள் நெய்யும் கம்பளத்தின் வடிவத்தையும் அருகருகே வைத்துக் காட்டியது. விரல்களின் நயத்தை வானளாவப் புகழ்ந்தார்கள். ஆனால் நுண்ணோக்கியின் முன்னிருந்து வடிவமைப்பு மேசைக்குப் போகும் வழி மட்டும் போடப்படவில்லை. வடிவமைப்பு கலிஃபோர்னியாவில் நடந்தது. ஆள்குறைப்பும், அதை எதிர்த்து 1975 பிப்ரவரியில் பழங்குடி இயக்கத்தினர் தொழிற்சாலையைக் கைப்பற்றியதும், நிறுவனம் ஆலையை ஒரேயடியாக மூடிவிட்டுப் போனதும் அடுத்தடுத்து நடந்தன. அந்தப் பெண்களில் எவரையும் சில்லுத் தொழிலின் வரலாறு பொறியாளர் பட்டியலில் சேர்க்கவில்லை.

வேலை கொடுப்பதும் வழி அமைப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்விரு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும். பிற்காலத் திட்டங்களை எடைபோட இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை.

## ‘குழாய்’ என்ற உவமையின் கோளாறு

இப்பிரச்சினையைப் பேசும் அமெரிக்கர்கள் ‘பைப்லைன்’ என்ற சொல்லை எடுத்துவிடுவார்கள். பள்ளியில் கணினி படிக்கும் பெண்கள் குறைவு, ஆகவே கல்லூரியில் குறைவு, ஆகவே நிறுவனத்தில் குறைவு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டி என்ன செய்யும்? இது நிறுவனங்களுக்கு வசதியான உவமை, ஏனெனில் குற்றம் எப்போதும் முந்தைய கட்டத்தின் மீது போய்விடும்.

வரலாறு இதற்கு இடங்கொடுக்கவில்லை. 1980களின் நடுவில் அமெரிக்கக் கணினி அறிவியல் பட்டங்களில் ஏறத்தாழ 37 விழுக்காடு பெண்களுடையவை. கால் நூற்றாண்டில் அது பாதியாகக் குறைந்தது. தண்ணீர் தானாக வற்றவில்லை. 1960களில் நிறுவனங்கள் நிரலரைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய உளவியல் அளவுகோல்களில் ஒன்று, 1,378 நிரலர்களை ஆராய்ந்து உருவாக்கப்பட்டது. அவர்களில் பெண்கள் 186 பேர் மட்டுமே. மனிதர்களோடு பழக விரும்பாதவரே நல்ல நிரலர் என்ற முடிவு அதிலிருந்து கிடைத்தது. அந்த முடிவே பிறகு வடிகட்டியாயிற்று. 1980களில் வீட்டுக் கணினி சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டபோது, கல்லூரியின் முதல் வகுப்பு அத்தகைய சிறுவர்களை மனத்தில் வைத்தே நடந்தது.

ஆகவே குழாய் என்று சொல்வதைவிட, பல துண்டுகளாகக் கிடக்கும் சாலை என்று சொல்வது பொருந்தும். துண்டுகள் சேர வேண்டிய இடங்கள் நான்கு.

1. பள்ளி. 2013இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்தில் எழுதும் ஏ.பி. கணினி அறிவியல் தேர்வை 11 மாநிலங்களில் ஒரு கறுப்பின மாணவர்கூட எழுதவில்லை. அவற்றில் ஒன்றான மிசிசிப்பியில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கறுப்பினத்தார். அங்கே அந்த ஆண்டு ஒரு பெண்ணும் அத்தேர்வை எழுதவில்லை. ஆர்வமின்மை இதற்குக் காரணம் என்று சொல்வதற்கு முன், பாடம் இருந்ததா என்று கேட்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளை ஆராய்ந்த ஜேன் மார்கோலிஸ் குழுவினர் கண்டது இது: ஏழை, லத்தீன், கறுப்பின மாணவர்கள் படிக்கும் பள்ளிகளில் கணினிகள் நிறையவே இருந்தன, கற்றுத்தரப்பட்டதோ தட்டச்சும் ஆவணம் தயாரிப்பதும். 2018இல் அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 35 விழுக்காடுதான் அடிப்படைக் கணினி அறிவியல் பாடத்தை வைத்திருந்தன. 2024இல் அது 60 விழுக்காடாயிற்று. 2016இல் தொடங்கிய ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபிள்ஸ்’ என்ற புதிய ஏ.பி. பாடம், நிரல் மொழியின் இலக்கணத்தில் தொடங்காமல் இணையம், தரவு, சமூக விளைவு என்று அகலமாகத் தொடங்கியதால், இதற்கு முன் கணினி வகுப்புப் பக்கமே வராத பெண்களை ஈர்த்தது. 2011இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிம்பர்லி பிரையன்ட் தொடங்கிய ‘பிளாக் கேர்ள்ஸ் கோட்’, 2012இல் ரேஷ்மா சௌஜானி தொடங்கிய ‘கேர்ள்ஸ் ஹூ கோட்’ ஆகியவை பள்ளிக்கு வெளியே இதே இடைவெளியை நிரப்ப வந்தவை.

2. கல்லூரி. இங்கே தீர்வுகள் தெரிந்தவை, சோதித்துப் பார்க்கப்பட்டவை. அதனால்தான் அவை பரவாதது எரிச்சலூட்டுகிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் 1995இல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் 7 விழுக்காடாக இருந்த பெண்களை 2000இல் 42 விழுக்காடாக்கியது. ஹார்வி மட் கல்லூரி, மரியா கிளாவே தலைமையில், சில ஆண்டுகளிலேயே 10 விழுக்காட்டைச் சுற்றி இருந்ததை 40 விழுக்காட்டை ஒட்டிக் கொண்டுவந்தது. செய்தது என்ன? முதலாண்டுப் பாடத்தை, முன்பே நிரல் எழுதிப் பழகியவர்களுக்கும் புதியவர்களுக்கும் தனித்தனியாகப் பிரித்தார்கள். வகுப்பில் எல்லாம் தெரிந்தவர்போல் பேசும் நான்கு பையன்கள் மற்றவர்களை அஞ்சவைப்பது அதோடு நின்றது. முதலாண்டு மாணவிகளைக் கணினித் துறைப் பெண்களின் பெரிய மாநாட்டுக்கு அழைத்துப் போனார்கள். கோடை விடுமுறையில் ஆய்வு வேலை கொடுத்தார்கள். எந்த இடத்திலும் பாடத்தின் தரத்தைக் குறைக்கவில்லை.

ஆனால் இவை செல்வம் படைத்த, சிறிய அல்லது உயர்தட்டு நிறுவனங்கள். வெள்ளையரல்லாத பெண்கள் திரளாகப் படிப்பது சமூகக் கல்லூரிகளில். அங்கே இரண்டு ஆண்டு முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது, படித்த பாடங்கள் பல கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. எந்தக் கல்லூரியிலிருந்தாயினும் வேறு கல்லூரிக்கு மாறும் மாணவர்கள் சராசரியாக 43 விழுக்காடு மதிப்பலகுகளை (கிரெடிட்) இழக்கிறார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. வேலையும் குழந்தையும் வைத்துக்கொண்டு மாலை வகுப்புக்கு வரும் பெண்ணுக்கு இந்த இழப்பு இன்னோர் ஆண்டுச் செலவு. பெரும்பாலோருக்கு அதுவே முடிவும்கூட. கறுப்பினத்தாருக்கென வரலாற்றில் தோன்றிய கல்லூரிகள், குறிப்பாக 1881இல் அட்லாண்டாவில் தோன்றிய ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரி, இந்த விதிக்குப் புறம்பாக நெடுங்காலமாக அறிவியல் பட்டதாரிகளை உருவாக்கி வந்திருக்கின்றன; வகுப்பில் தனியொருத்தியாக உட்கார வேண்டியதில்லை என்பது அங்கே கிடைக்கும் முதல் வசதி.

3. முதல் வேலை. 2014இல் ஒரு தேசிய நாளிதழ் செய்த கணக்கெடுப்பு குழாய் உவமையை உடைத்தது. முன்னணிப் பல்கலைக்கழகங்களில் கணினி அறிவியல் பட்டம் பெறும் கறுப்பின, லத்தீன் மாணவர்களின் விகிதம், முன்னணி நிறுவனங்கள் அவர்களை வேலைக்கு எடுக்கும் விகிதத்தைப் போல் இரு மடங்கு. பட்டம் இருக்கிறது, அழைப்பு வரவில்லை. இருக்கும் ஊழியர் பரிந்துரைக்கும் நண்பருக்கு முன்னுரிமை தரும் வழக்கம் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. நண்பர் வட்டம் ஒரே மாதிரி இருந்தால் புதிதாக வருபவரும் அதே மாதிரிதான் இருப்பார்.

பட்டமே இல்லாதவர்களுக்கு இன்னொரு பூட்டு. ‘பட்டம் கட்டாயமில்லை’ என்று பல நிறுவனங்கள் அறிவித்த பிறகு நடந்ததை ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் ஆய்வு நிறுவனமும் 2024இல் அலசின: அந்த அறிவிப்பால் உண்மையில் பயன்பெற்றவர்கள் 700 நியமனங்களில் ஒருவருக்கும் குறைவு. இதற்கு மாறாக, 2000இல் பாஸ்டனில் தொடங்கிய ‘இயர் அப்’ திட்டம் ஆறு மாதம் பயிற்சி, ஆறு மாதம் நிறுவனத்திலேயே பணிப்பயிற்சி என்று அமைந்தது. காலம் முழுவதும் உதவித்தொகை உண்டு. குலுக்கல் முறையில் ஆள்களைப் பிரித்து நடத்தப்பட்ட நீண்டகால ஆய்வில், திட்டத்தில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட ஆண்டுக்கு 7,000 டாலருக்கும் மேல் கூடுதலாகச் சம்பாதித்தது தெரிந்தது. வேலைப் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் சோப்பு நுரைபோல் மறைந்துவிடும் துறையில் இது அரிய முடிவு. இரண்டு காரணங்களைச் சொல்வேன். பயிற்சிக் காலத்தில் வீட்டு வாடகைக்குப் பணம் இருந்தது. பயிற்சி முடியும் இடத்தில் ஒரு நிறுவனம் ஏற்கெனவே காத்திருந்தது.

4. நிலைத்திருத்தல். தொழில்நுட்பத் துறையின் பன்மையை ஆராயும் கேப்பர் மையம் 2017இல் வெளியிட்ட ஆய்வு, தொழில்நுட்ப வேலையை விட்டு விலகியவர்களிடம் காரணம் கேட்டது. நியாயமற்ற நடத்தையே முதன்மைக் காரணமாக வந்தது. கறுப்பின, லத்தீன், பழங்குடிப் பெண்களில் பத்தில் மூவர் பதவி உயர்வில் தாம் தாண்டிச் செல்லப்பட்டதாகச் சொன்னார்கள். ஆசியப் பெண்களின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அசெண்ட் என்ற அமைப்பு, சிலிக்கன் பள்ளத்தாக்கு நிறுவனங்களின் தரவைக் கொண்டு 2017இல் செய்த பகுப்பாய்வு, பொறியாளர் நிலையில் மிகுதியாக இருக்கும் ஆசியப் பெண்கள், நிர்வாகத்தின் உச்சிக்குப் போகும் வாய்ப்பில் மிகவும் பின்தங்கியிருப்பதைக் காட்டியது. கணவரின் எச்-1பி விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் வரும் பெண்களுக்கு, 2015 மே மாதத்துக்கு முன் வேலை செய்யவே உரிமை இல்லை. அதன் பிறகும் கணவரின் நிரந்தரக் குடியிருப்பு (கிரீன் கார்டு) விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டினால்தான் உரிமை. இவ்வுரிமையைப் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியப் பெண்கள். சென்னையிலும் கோவையிலும் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறிய பலர் அவர்களில் உண்டு.

இவர்கள் இல்லாத அறையில் செய்யப்படும் பொருளும் கோணலாக அமைகிறது. ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தது. வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது. இதைக் கண்டுபிடித்த இருவரும் கறுப்பினப் பெண்கள் என்பது தற்செயல் அன்று. புவலாம்வினியின் முகத்தையே ஒரு மென்பொருள் அடையாளம் காண மறுத்ததிலிருந்துதான் அவருடைய ஆய்வு தொடங்கியது.

## சட்டம் எங்கே மாறியது?

டிரம்பின் ஆணைகளை மட்டும் பார்த்தால் படம் முழுமையாகாது. மாற்றம் மூன்று திசைகளிலிருந்து வந்தது.

முதலாவது, 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. பல்கலைக்கழகச் சேர்க்கையில் விண்ணப்பதாரரின் இனத்தை ஒரு காரணியாக எடுத்துக்கொள்வதை அது முடிவுக்குக் கொண்டுவந்தது. வேலைவாய்ப்பை அது நேரடியாகத் தொடவில்லை. ஆயினும் நிறுவன வழக்கறிஞர்கள் அன்றைக்கே கோப்புகளைத் திறந்துவிட்டார்கள்.

இரண்டாவது, அட்லாண்டாவைச் சேர்ந்த ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தின் மீதான வழக்கு. கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு 20,000 டாலர் நல்கை தரும் போட்டியொன்றை அது நடத்திவந்தது. ஹார்வர்டு வழக்குக்குப் பின்னிருந்த எட்வர்டு புளூமின் மற்றோர் அமைப்பு 2023 ஆகஸ்டில் வழக்குத் தொடுக்க, 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் போட்டியைத் தடுத்தது. செப்டம்பரில் சமரசமாகி அப்போட்டி நிரந்தரமாக மூடப்பட்டது. இதற்குக் கையாளப்பட்ட சட்டம் 1866ஆம் ஆண்டினது. விடுதலையான அடிமைகளுக்கு, வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை உண்டு என்று சொல்லப் பிறந்த சட்டம் அது.

மூன்றாவது, 2025இன் ஆணைகள். ஜான்சனின் ஆணையை நீக்கியதோடு, அரசு ஒப்பந்தமும் நல்கையும் பெறுவோர் தாம் சட்டவிரோதப் பன்மைத் திட்டம் எதையும் நடத்தவில்லை என்று உறுதிமொழி தர வேண்டும் என்றும், அது பொய்யானால் அரசை ஏமாற்றிய குற்றத்துக்கான சட்டம் பாயலாம் என்றும் சொல்கிறது ஜனவரி 21 ஆணை. எது சட்டவிரோதம் என்று அது வரையறுக்கவில்லை. அந்த மங்கலே அதன் வலிமை. அச்சத்தில் நிறுவனங்கள் சட்டப்படி சரியானவற்றையும் கைவிடுகின்றன. ஏப்ரலில் தேசிய அறிவியல் அறக்கட்டளை, கணினிக் கல்வியில் பங்கேற்பை விரிவாக்கும் ஆய்வுகள் உள்ளிட்ட நூற்றுக்கணக்கான நல்கைகளை ரத்து செய்தது. அதே மாதத்தில் வந்த இன்னோர் ஆணை, அதிகம் பேசப்படாவிட்டாலும், நீண்டகால நோக்கில் பெரியது என்பது என் கருத்து. தேவையற்ற தகுதி விதி ஒரு பிரிவினரை மிகுதியாகக் கழித்தால், உள்நோக்கம் இல்லாவிட்டாலும் அது பாகுபாடே என்று 1971ஆம் ஆண்டு டியூக் பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கோட்பாட்டை அரசுத் துறைகள் இயன்றவரை பயன்படுத்த வேண்டாம் என்றது அது. டியூக் பவர் வழக்கில் கழித்துக்கட்டிய விதி எது தெரியுமா? வேலைக்குத் தொடர்பில்லாத உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்.

## எது தப்பும், எது தப்பாது?

இந்த வழக்குகளையும் ஆணைகளையும் அடுக்கிப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. ‘இன்னாருக்கு மட்டும்’ என்று வாசலில் எழுதி வைத்த எதுவும் நிற்காது. யாருக்கும் திறந்திருந்து, ஆனால் விடுபட்டவர்கள் இருக்கும் இடத்தில் போய் நிற்கும் திட்டம் நிற்கும். அதன்படி:

1. பள்ளியில் கணினிப் பாடத்தைக் கட்டாயமாக்குவது பாதுகாப்பானது. சிகாகோ அரசுப் பள்ளிகள் பட்டயம் பெறக் கணினிப் பாடம் வேண்டும் என்று 2016இல் முடிவு செய்தன; அங்கே படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் லத்தீன், கறுப்பின மாணவர்களே.

2. முதலாண்டுப் பாடத்தை அனுபவத்தின்படி பிரிப்பது, சமூகக் கல்லூரி மதிப்பலகுகளைப் பல்கலைக்கழகம் ஏற்க ஒப்பந்தம் செய்வது, குழந்தைக் காப்பகம் வைப்பது ஆகியவற்றில் இனம் பற்றிய சொல்லே தேவையில்லை.

3. வருமானத்தையும் வட்டாரத்தையும் அடிப்படையாக வைத்து, ஊதியத்தோடு கற்றுத்தரும் தொழிற்பழகுநர் முறையும் அவ்வாறே. 1937 முதல் அமெரிக்காவில் இதற்குச் சட்டம் உண்டு; தச்சருக்கும் மின்பணியாளருக்கும் பயன்பட்ட அது மென்பொருளுக்கு மிகத் தாமதமாகவே வந்தது.

4. பெண்களுக்கான மாநாடுகளும் அமைப்புகளும் இடையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. 2023இல் ஆர்லாண்டோவில் நடந்த கிரேஸ் ஹாப்பர் மாநாட்டின் வேலைவாய்ப்புச் சந்தையில், ஆள்குறைப்புக் காலத்தில் வேலை தேடிய ஆண்கள் திரண்டு வரிசையை நிறைத்தார்கள். அவர்களைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லை என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். ‘விமன் ஹூ கோட்’ அமைப்பு 2024இல் நிதியில்லாமல் மூடிக்கொண்டது. பணம் கொடுத்துவந்த நிறுவனங்கள் கையை இறுக்கியது ஆணைகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

மூன்றாவது வகையை வளர்த்தால் போதும், மற்றவை வேண்டாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. எல்லாருக்கும் திறந்த வழியில் யார் வந்தார்கள், யார் பாதியில் நின்றார்கள் என்று எண்ணாவிட்டால், மறுபடியும் முன்பே வசதி உள்ளவர்களே அதில் ஏறிவிடுவார்கள். ஏறியது யார் என்பதும் தெரியாது.

## எண்ணிக்கை யார் கையில்?

2013 வரை பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் பல தம் பணியாளர் விவரத்தைத் தொழில் இரகசியம் என்றே மறைத்தன. பின்டரஸ்ட் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த டிரேசி சௌ, ‘எண்கள் எங்கே?’ என்று கேட்டு எழுதி, பொறியாளர்களே தத்தம் நிறுவனக் கணக்கைப் பதிவேற்ற ஒரு பொதுப் பட்டியலைத் தொடங்கினார். 2014 மே மாதம் கூகுள் தன் விவரத்தை வெளியிட்டது: தொழில்நுட்பப் பணிகளில் பெண்கள் 17 விழுக்காடு, நிறுவனம் முழுவதிலும் அமெரிக்க ஊழியர்களில் கறுப்பினத்தார் 2, லத்தீன் இனத்தார் 3 விழுக்காடு. மற்ற நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. அப்படி வெளியிடுமாறு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விரும்பிச் செய்ததை விரும்பி நிறுத்தவும் செய்யலாம்.

நிறுத்தினாலும் கணக்கு மறைந்துவிடாது. 100 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள், 1966 முதல் ஆண்டுதோறும் சமவேலைவாய்ப்பு ஆணையத்துக்கு ஈ.ஈ.ஓ.-1 என்ற படிவத்தை நிரப்பி அனுப்பி வருகின்றன. அதைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. படிவத்தின் இடப்பக்கத்தில் உயர் நிர்வாகி, நடுநிலை மேலாளர், தொழில் வல்லுநர், தொழில்நுட்பர் என்று பதவிகள் வரிசையாக இருக்கின்றன. மேலே லத்தீன் இனத்தாருக்குத் தனிப் பகுதியும், மற்றவர்களுக்கு ஆண், பெண் என்ற இரண்டு பிரிவுகளும், ஒவ்வொன்றின் கீழும் இனவாரியான கட்டங்களும் உள்ளன. செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையின் அந்த ஐந்து பெண்களுக்கு நீதிமன்றம் மறுத்த வகை, ‘பெண்’ என்பதன் கீழே ‘கறுப்பினத்தார்’ என்று, தனிக் கட்டமாகவே அதில் இருக்கிறது.